டிராக்டர் டீசல் டேங்கில் மழைத்தண்ணீர்: சுத்தம் செய்ய வழி சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்குத் திருத்துறைப்பூண்டி பக்கம். ஐப்பசி அடைமழையில களத்துமேட்டுல நின்ன டிராக்டரோட டேங்க்குல தண்ணி இறங்கிடுச்சு, மூடி வாஷர் நைஞ்சு கிடந்திருக்கு. ஸ்டார்ட் ஆகுது, ஆனா திணறித் திணறி வெள்ளைப் புகை விட்டு நின்னுடுது. தாளடி (ரெண்டாம் போக நெல்) உழவு வேற காத்துக்கிட்டிருக்கு.

ஃபில்டர் அடியில இருக்கற திருகைத் திறந்தா முதல்ல தண்ணி, அப்புறம் கருப்பா வழவழன்னு சளி மாதிரி வருது. டீசலைவிடத் தண்ணி கனம், அதனால அடியில தங்கிடும். ரெண்டும் சேர்ற இடத்துல கிருமி வளர்ந்துதான் இந்த வழவழப்புன்னு நினைக்கிறேன். டீசல் பம்பும், டீசலை இன்ஜினுக்குள்ள பீச்சுற இன்ஜெக்டரும் டீசலோட வழுவழுப்பை நம்பித்தான் ஓடுது. தண்ணி உள்ள போனா துரு ஏறி உரசிடும். அதனால இனி ஸ்டார்ட் பண்ணக்கூடாதுன்னு சாவியை அப்பாகிட்டேர்ந்து வாங்கி வச்சுட்டேன் (அவருக்குக் கோபம்தான்).

உள்ளூர் மெக்கானிக் அண்ணன் பெட்ரோல் ஊத்திக் கழுவிடலாம்ங்கிறார். எனக்கு மனசு ஒப்பல. பெட்ரோல் ஆவி காத்தைவிடக் கனம், தரையோட படிஞ்சு நிக்கும். ஒரு பொறி போதும். டேங்கைக் கழட்டி, நல்ல டீசலாலேயே அலசினா அந்தச் சளி போகுமா? போகலன்னா வேற என்ன ஊத்தலாம்? ரெண்டு ஃபில்டரும் மாத்திடுவேன். பம்பையும் பிரிக்கணுமா, இல்ல டீசல் குழாய்ல புகுந்த காத்தை மட்டும் வெளியேத்திட்டு ஓட்டிப் பாக்கலாமா?

வடிச்ச டீசலை மூடி போட்ட இரும்பு டின்னுல வச்சிருக்கேன். வாய்க்கால்ல கொட்ட மாட்டேன். அதை யார்கிட்ட கொடுக்கறது? மன்னார்குடி, திருவாரூர் பக்கம் பம்ப், இன்ஜெக்டர் சோதிக்கிற பட்டறை தெரிஞ்சாலும் சொல்லுங்க.