ஜிஆர்இ கணிதம்: ஒரே கேள்வியில் மாட்டிக்கொண்டு நேரம் போய்விடுகிறது

கேள்வி:
வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜிஆர்இ நுழைவுத் தேர்வின் கணிதக் கேள்விகளை நேரம் பார்க்காமல் போட்டால் பன்னிரண்டில் பதினொன்று சரியாக வருகிறது, கடிகாரம் ஓடினால் ஏழு எட்டைத் தாண்டவில்லை. நேற்று மாதிரித் தேர்வில் நான்காவது கேள்வி வட்டத்துக்குள் ஒரு முக்கோணம், இதோ விடை வந்துவிடும், இதோ வந்துவிடும் என்றே போட்டுக்கொண்டிருந்தேன், நிமிர்ந்து பார்த்தால் ஐந்து நிமிடம் போயிருந்தது. கடைசி மூன்று கேள்விகளைப் படிக்கக்கூட முடியவில்லை. 12 கேள்விக்கு 21 நிமிடம், அதாவது ஒன்றுக்கு ஒன்றே முக்கால் நிமிடம். ஒவ்வொரு கேள்விக்கும் கடிகாரத்தைப் பார்த்தால் பதற்றம்தான் கூடுகிறது. எப்படிச் சமாளிப்பது?

பதில் 1:
ஒவ்வொரு கேள்விக்கும் பார்க்கவே வேண்டாம். முதல் பகுதியில் இரண்டே முறை பாருங்கள்: நான்கு முடிந்ததும் 14 நிமிடம் மிச்சம் இருக்க வேண்டும், எட்டு முடிந்ததும் 7. இரண்டாவது பகுதி 15 கேள்வி, 26 நிமிடம். அங்கே ஐந்து முடியும்போது 17, பத்து முடியும்போது 9 இருந்தால் சரி. நடுவில் ஒரு கேள்வி இரண்டரை நிமிடம் தின்றாலும் இன்னொன்று நாற்பது நொடியில் முடியும், கணக்கு நேராகிவிடும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனால் உங்கள் சிக்கல் கடிகாரம் இல்லை, அந்த முக்கோணத்தை விட மனம் வராததுதான். ஒரு பகுதிக்குள் எல்லாக் கேள்விக்கும் ஒரே மதிப்பு, கஷ்டமானதற்குக் கூடுதல் மதிப்பெண் கிடையாது. படித்து முப்பது நொடியில் வழி புலப்படவில்லை என்றால் ஏதாவது ஒரு விடையைத் தொட்டு, குறியிட்டு, அடுத்ததற்குப் போங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள், அந்தப் பகுதி முடிவதற்குள் திரும்பி வரலாம். திரும்பி வரும்போது பல சமயம் வழி சட்டென்று கண்ணில் படும், எனக்கு அப்படி நிறைய நடந்திருக்கிறது.

பதில் 3:
கால்குலேட்டரைத் தொடும் முன் ஒரு நொடி யோசியுங்கள். 17×24 பெரியதா, 34×12 பெரியதா என்று கேட்டால் பெருக்கவே தேவையில்லை, ஒன்று இரட்டிப்பாகி மற்றது பாதியாகியிருக்கிறது, இரண்டும் சமம். ஒப்பிடும் கேள்விகளில் இப்படி மிச்சமாகும் நேரம்தான் வரைபடக் கேள்விகளுக்கு உதவும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. விடையை நாமே தட்டச்சு செய்யும் கேள்வியில் மாட்டினால்? அங்கே தொடுவதற்கு ஒன்றும் இல்லையே.

பதில் 2:
அதைக் காலியாக விட்டுக் குறியிடுங்கள். ஆனால் நேரம் கொஞ்சமாக இருந்தால் முதலில் தேர்வு விடைகள் உள்ளவற்றுக்குத் திரும்புங்கள். ஒப்பிடும் கேள்வியில் இரண்டு பக்கமும் வெறும் எண்களாக இருந்தால் 'தீர்மானிக்க முடியாது' என்ற நான்காவது விடை வரவே வராது, மிச்சம் இது பெரிது, அது பெரிது, சமம் என்ற மூன்றுதான், மூன்றில் ஒன்று என்ற வாய்ப்பாவது கையில் இருக்கும்.