தாத்தாவின் ஹெரால்டுக்கு எந்த பிரேக் ஆயில்?

குழு: நங்கநல்லூர் தாத்தா குடும்பம்

கார்த்திக், காலை 7:12
அனைவருக்கும் வணக்கம். காயத்ரியின் மாப்பிள்ளை அழைப்புக்குத் தாத்தாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரையே எடுப்பது என்று பேசியிருந்ததால், நேற்று மாலை அத்தை வீட்டுக்குப் போய் வண்டியைக் கிளப்பிப் பார்த்தேன். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. ஆனால் பிரேக் பெடல் பாதிக்கு மேல் உள்ளே போகிறது. மிதித்தபடியே காலை வைத்திருந்தால் மெல்ல இறங்கித் தரையைத் தொடுகிறது. டப்பாவில் இருக்கும் ஆயில் கறுத்துப்போயிருக்கிறது. எந்த ஆயிலை வாங்கி ஊற்றலாம் என்று சொல்லுங்கள்.

மீனா அக்கா, 7:15
மாப்பிள்ளை வீட்டாருக்கு இது தெரியுமா?

வசந்தா அத்தை, 7:19
யார் பேசினார்கள், எப்போது பேசினார்கள்? வண்டி இத்தனை வருடமாக என் போர்டிகோவில்தான் நிற்கிறது. என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பாலு சித்தப்பா, 7:24
அக்கா, போர்டிகோ உங்களுடையது, வண்டி நம் மூவருடையது. அந்தப் பேச்சைக் கல்யாணத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். கார்த்திக், டாட் 3 தர பிரேக் ஆயில் ஒரு பாட்டில் வாங்கி ஊற்று. வேலை முடிந்தது.

சுந்தரம் பெரியப்பா, 7:51
கார்த்திக், எதையும் வாங்காதே, எதையும் ஊற்றாதே. பெடலை மிதித்து வைத்திருக்கும்போது அது தானாக இறங்குகிறது என்றால், பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்து, அழுத்தம் முன்னே போகாமல் பின்பக்கமாக நழுவுகிறது என்று பெரும்பாலும் பொருள். வெளியே ஒரு சொட்டும் சிந்தாமலேயே இது நடக்கும். இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்தால் பெடல் கெட்டிப்பட்டு நிற்குமானால், குழாயில் காற்று புகுந்திருக்கும், அல்லது சக்கர டிரம்மை உரசி நிறுத்தும் பிரேக் ஷூவை நெருக்கி வைக்காமல் விட்டிருப்பார்கள். டப்பாவில் அளவு குறைந்துகொண்டே வந்தால், சக்கரத்தில் இருக்கும் வீல் சிலிண்டர் டிரம்முக்குள்ளேயே கசிகிறதா என்று கழற்றிப் பார்க்க வேண்டும். இந்த மூன்றில் எதையும் புது ஆயில் சரிசெய்யாது. ஹெரால்டில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் சுற்றுதான். எங்காவது ஓரிடத்தில் விட்டுப்போனால் நான்கும் போய்விடும், கையில் மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டுமே. மாப்பிள்ளையை உட்காரவைத்துக்கொண்டு கத்திப்பாரா மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது இதைக் கண்டுபிடிக்க வேண்டாம்.

மீனா அக்கா, 7:53
பெரியப்பா, அபசகுனமாகப் பேசாதீர்கள்.

ஸ்ரீதர், கவென்ட்ரி, 11:40
இங்கே இப்போதுதான் விடிகிறது. ஹெரால்டு பிறந்த கான்லி தொழிற்சாலை இந்த ஊரில்தான் இருந்தது என்பதால் எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். இங்கே பழைய வண்டி வைத்திருப்பவர்களில் பலர் டாட் 5 என்னும் சிலிக்கான் ஆயிலுக்கு மாறிவிட்டார்கள். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சாது, பெயின்ட்டையும் அரிக்காது. வருடம் முழுவதும் நின்றே கிடக்கும் வண்டிக்கு அதுதான் ஏற்றது. ஊதா நிறத்தில் இருக்கும், அடையாளம் காண்பதும் எளிது.

பாலு சித்தப்பா, 11:44
மிகச் சரி. மீனாவின் கல்யாணத்தின்போது பானெட்டுக்கு உள்ளே பச்சை பெயின்ட் உரிந்த இடம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

சுந்தரம் பெரியப்பா, 11:46
அந்தப் பெயின்ட் யார் ஊற்றியபோது உரிந்தது என்பதையும் சேர்த்து எழுது, பாலு.

பாலு சித்தப்பா, 11:47
அண்ணா, அது மூடி வழியாகக் கசிந்தது.

பெரியம்மா, 11:50
இருவரும் வண்டியைப் பற்றி மட்டும் எழுதவும். எல்லோரும் முழு வாக்கியத்தில் எழுதுவதற்கு நன்றி. மீனா, கைகூப்பும் படங்களைக் குறைத்துக்கொள்.

சுந்தரம் பெரியப்பா, பிற்பகல் 12:38
ஸ்ரீதர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அது பாதி. டாட் 3, டாட் 4, டாட் 5.1 ஆகிய மூன்றும் கிளைக்கால் (glycol) என்னும் வேதிப்பொருளால் ஆன வகை, ஒன்றோடொன்று கலக்கும். டாட் 5 மட்டும் சிலிக்கான்; அது கிளைக்காலோடு சேராது. பெயரைப் பார்த்து 5-ம் 5.1-ம் ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது. நம் வண்டியில் அப்பா காலத்திலிருந்தே கிளைக்கால்தான் ஓடுகிறது. சிலிக்கானுக்கு மாற வேண்டுமானால் குழாய்களையெல்லாம் கழுவி உலர்த்தி, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கடைசி வீல் சிலிண்டர் வரை எல்லா ரப்பரையும் மாற்றிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். பழையது கொஞ்சம் தங்கிவிட்டால் இரண்டும் தனித்தனியே நிற்கும். தவிர, சிலிக்கான் ஈரத்தை உறிஞ்சாது என்பதால் உள்ளே ஈரமே புகாது என்று ஆகிவிடாது. எப்படியோ நுழைந்த நீர் அதில் கரையாமல், தாழ்வான இடத்தில் போய்த் தேங்கி, அங்கேயே துருப்பிடிக்க வைக்கும். சூடேறினால் 100 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும், அப்போது பிரேக் பிடிக்காமல் போகலாம். ஊற்றும்போது நுண்ணிய குமிழிகளையும் பிடித்து வைத்துக்கொள்வதால் ஏர் எடுப்பதற்கு, அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதற்குப் பொறுமை வேண்டும், பெடலும் சற்று மெத்தென்றே இருக்கும். இதையெல்லாம் சொல்லிவிட்டு நியாயத்துக்காக ஒன்றையும் சொல்கிறேன்: வண்டியை முழுதாகக் கழற்றிப் புதுப்பிக்கும் நாள் வந்தால், நின்றே கிடக்கும் நம் ஹெரால்டுக்கு டாட் 5-ஐ நானே ஒப்புக்கொள்வேன். கல்யாணத்துக்கு முன்னால் அது வேண்டாம்.

மீனா அக்கா, 12:41
சுருக்கமாக எந்த எண், பெரியப்பா?

சுந்தரம் பெரியப்பா, 12:59
டாட் 4. காரணத்தையும் கேட்டுக்கொள். சீல் பிரிக்காத டாட் 3-க்குக் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் கொதிநிலை இருக்க வேண்டும், டாட் 4-க்கு 230. 3.7 சதவீதம் நீர் கலந்த பிறகு முதலாவது 140-க்கும் இரண்டாவது 155-க்கும் இறங்கலாம் என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் வரையறை. டிரம் பிரேக் வைத்த ஹெரால்டு சென்னைத் தெருவில் அந்தச் சூட்டை எட்டுவது அரிது. ஆகவே பாலு சொன்ன டாட் 3-ம் தன்னளவில் தவறில்லை. ஆனால் இந்த ஊர்க் காற்றில் இருக்கும் ஈரம் டப்பா மூடியின் துளை வழியாகவும் ரப்பர் ஹோஸ் வழியாகவும் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. கொதிநிலை இறங்குவதைவிட அந்த ஈரம் சிலிண்டரைத் துருப்பிடிக்க வைப்பதுதான் நமக்குப் பெரிய தொல்லை. எனவே எண்ணைவிட முக்கியம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் மாற்றுவது. அதை நம்மில் யாரும் செய்யவில்லை. 500 மில்லி பாட்டில்களாக இரண்டு வாங்கினால் கழுவி விடுவதற்கும் சேர்த்துப் போதும். பெரிய கேன் வாங்காதே. திறந்த கேனில் மிச்சம் வைத்ததை அடுத்த வருடம் ஊற்றுவது, ஈரத்தைக் காசு கொடுத்து வாங்கி ஊற்றுவதற்குச் சமம்.

பாலு சித்தப்பா, 1:04
டாட் 3-ம் தவறில்லை என்று அண்ணனே எழுதியிருக்கிறார். அனைவரும் இதைச் சேமித்து வைத்துக்கொள்ளவும்.

வசந்தா அத்தை, 1:20
அப்பா ஒருமுறை சமையலறையிலிருந்து விளக்கெண்ணெயை எடுத்துப்போய் இதில் ஊற்றினார் என்று அம்மா சொல்வார்கள். வண்டி ஓடியதே.

சுந்தரம் பெரியப்பா, 1:42
தொடக்க கால பிரேக் ஆயில்களில் விளக்கெண்ணெய் இருந்தது உண்மைதான், ஆனால் ஆல்கஹாலோடு கலந்து. அப்பா ஊற்றினாரா என்பது அம்மாவுக்குத்தான் வெளிச்சம். இன்று யாரும் அதைச் செய்ய வேண்டாம். அதைவிடப் பெரிய ஆபத்து, எஞ்சின் ஆயில், டீசல், மண்ணெண்ணெய் போன்றவை. அவற்றில் ஒரு சிறு அளவு உள்ளே போனாலும் பிரேக் ரப்பர் ஊறப்போட்ட கொண்டைக்கடலை போல உப்பி, வழியை அடைத்துவிடும். பிறகு எல்லா ரப்பரையும் தூக்கிப்போட வேண்டியதுதான். நம் தெருமுனை மெக்கானிக் எதையும் பெட்ரோலில் கழுவுகிறவர். பிரேக் பாகங்களை ஸ்பிரிட்டிலோ புது பிரேக் ஆயிலிலோ மட்டும் கழுவச் சொல்லி, கார்த்திக், நீ பக்கத்திலேயே நில். இன்னொன்று, கிளட்சும் இதே ஆயிலில்தான் இயங்குகிறது. ஊர்வலத்தில் பேண்டு வாத்தியத்துக்குப் பின்னால் நத்தை வேகத்தில் போகும்போது பிரேக்கைவிடக் கிளட்சுக்குத்தான் வேலை அதிகம். அதன் ரப்பர் பாகங்கள் அடங்கிய கிட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

ஸ்ரீதர், கவென்ட்ரி, 1:55
கிட்டை நான் இங்கிருந்து அனுப்பட்டுமா? நம்முடைய நான்கு கதவு மார்க் 3 மாடல் இந்தியாவில் மட்டுமே வந்தது. ஆகவே சிலிண்டரின் மேல் வார்த்திருக்கும் அளவைப் படமெடுத்து அனுப்பினால்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

கார்த்திக், மாலை 5:30
ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் நிற்கிறேன். டாட் 4 கிடைக்கிறது. ஹெரால்டு மாஸ்டர் சிலிண்டர் கிட் ஒன்றும் பழைய பெட்டியில் இருக்கிறது. பிரிக்காத ஒரிஜினல் என்று கடைக்காரர் சொல்கிறார். விலையும் குறைவு.

சுந்தரம் பெரியப்பா, 5:33
வாங்காதே. பிரிக்காமல் இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். பழைய இருப்பில் இயற்கை ரப்பராகவும் இருக்கலாம், அதற்கு இன்றைய ஆயில் ஒத்துவரும் என்று நம்ப முடியாது. புதிதாகச் செய்த கிட் வேண்டும். பிரேக்ஸ் இந்தியா 1962-இல் பாடியில் தொடங்கிய காலத்திலிருந்தே கர்லிங் என்னும் பிரிட்டிஷ் கம்பெனி வகை பாகங்கள் இந்த ஊரிலேயே

பாலு சித்தப்பா, 5:34
அண்ணா, பையன் தெருவில் நிற்கிறான். 1962-ஐ இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தொடரலாம். கார்த்திக், சிலிண்டரின் உட்சுவர் துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தால் புது வாஷரும் நிற்காது. புதுப்பேட்டையில் உள்ளே ஸ்லீவ் என்னும் புதுக் குழல் அடித்துத் தருகிறவர் எனக்குத் தெரியும்.

சுந்தரம் பெரியப்பா, 5:41
இது பாலு சொன்ன நல்ல யோசனை. ஆயிலை மட்டும் வாங்கிக்கொள், பாட்டில் மேல் தேதி பார். ஞாயிற்றுக்கிழமை காலை டிரம்களைக் கழற்றிப் பார்த்துவிட்டு மற்றதை முடிவு செய்யலாம். எல்லாம் மாட்டிய பிறகு ஏர் எடுக்கும்போது, மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் இருக்கும் இடது பின்சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டும். நான் சக்கரத்தருகே உட்கார்கிறேன். பெடலை மிதிக்க ஒருவர் வேண்டும். பெயின்ட்டில் சிந்தினால் துடைக்காமல் உடனே நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

மீனா அக்கா, 5:43
ஞாயிற்றுக்கிழமை எனக்குப் புடவைக் கடை.

பாலு சித்தப்பா, 5:44
எனக்கு முட்டி வலி.

வசந்தா அத்தை, 5:50
நான் மிதிக்கிறேன். அப்பாவுக்கு நான்தான் மிதித்துக் கொடுப்பேன், உங்கள் இருவருக்கும் அப்போது பொறுமை இருந்ததில்லை. ஆனால் என் போர்டிகோ தரையில் ஒரு சொட்டு விழக் கூடாது. கிட்டுக்கும் ஸ்லீவுக்கும் யார் பணம் கொடுக்கிறார்கள் என்பதை இன்றே எழுதிவிடுங்கள்.

கார்த்திக், 6:25
ஆயில் வாங்கிவிட்டேன். ஒருவேளை சிலிண்டர் வேலை முடியாவிட்டால் என்ன செய்வது? மண்டபத்தில் அலங்கார வண்டிக்கு முன்பணம் கேட்கிறார்கள்.

சுந்தரம் பெரியப்பா, 6:26
ஞாயிற்றுக்கிழமை வரை கொடுக்காதே.

மீனா அக்கா, 6:26
நான் மதியமே கொடுத்துவிட்டேன், பெரியப்பா.