பி.எட். செமினாருக்கு ஸ்கின்னர் பெட்டி: அட்டையில் செய்ய முடியுமா?

கோத்தகிரி_மழை

எல்லாருக்கும் வணக்கம். ஊட்டியில் பி.எட். படிக்கிறேன். அடுத்த வாரம் செமினார், எனக்கு விழுந்த தலைப்பு கற்பிக்கும் இயந்திரங்களும் நடத்தையியலும் (வெளியே தெரியும் நடத்தையை வைத்துக் கற்றலை விளக்குகிற உளவியல்). சார்ட் ஒட்டி வைத்துவிட்டு நோட்ஸைப் பார்த்து ஒப்பிக்கப் பிடிக்கவில்லை, அதனால் அந்த வழியில் வந்த அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரின் பெட்டி ஒன்றை அட்டையில் செய்து எடுத்துப் போகலாம் என்று பார்க்கிறேன். மூன்று நாளாக விடாத மழை, கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது, பிளக்கில் செருகுகிற வேலையே வேண்டாம். நோட்ஸில் 1954, ஸ்கின்னர் என்று ஒரே வரிதான். அவருக்கு முன்னால் வேறு யாரும் முயற்சி செய்யவில்லையா? அவ்வளவு நல்ல இயந்திரம் என்றால் ஒரு பள்ளியில்கூட ஏன் கண்ணில் படவில்லை?

குன்னூர்_வாத்தியார்

முதலில் பெயரைத் திருத்திக்கொள்ளம்மா. ஸ்கின்னர் பெட்டி என்றால் எலியையும் புறாவையும் விட்டுச் சோதனை செய்த பெட்டி. எலி நெம்புகோலை அழுத்தும், இரை விழும். அதைச் செய்துகொண்டு போனால் எலி எங்கே என்று கேட்பார்கள். உனக்கு வேண்டியது கற்பிக்கும் இயந்திரம், அது வேறு.

முன்னோடி இருந்தார். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சிட்னி பிரெஸ்ஸி என்ற உளவியலாளர் 1920-களிலேயே ஒன்று செய்துவிட்டார், 1926-ல் அதைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார். பார்க்கச் சின்ன டைப்ரைட்டர் மாதிரி. ஒரு ஜன்னல், அதில் கேள்வியும் நான்கு விடைகளும், பக்கத்தில் நான்கு விசைகள். தேர்வு வைக்கவேண்டுமா, எதை அழுத்தினாலும் அடுத்த கேள்வி வந்துவிடும், சரியானவற்றை மட்டும் உள்ளே எண்ணிக்கொண்டே போகும். ஒரு சின்ன நெம்புகோலைத் திருப்பிவிட்டால் அதே பெட்டி வாத்தியார் ஆகிவிடும், சரியான விசையை அழுத்தும்வரை கேள்வி நகராது. இத்தனை சரியானால் ஒரு மிட்டாய் என்று கொடுக்கிற இணைப்பும் வைத்திருந்தார். (நம்ம ஊரில் என்றால் வர்க்கி வைத்திருப்பார், தூள் உதிர்ந்தே மெஷின் நின்றிருக்கும்.) ஆனால் அடுத்து வந்தது பொருளாதார மந்தம், ஆசிரியர்களுக்கே வேலை இல்லாத காலம். உழைப்பை மிச்சப்படுத்தும் மெஷினை யார் வாங்குவார்கள்? 1932-ல் மனசில்லாமல் கைவிட்டார்.

ஸ்கின்னர் கதை 1953 நவம்பரில் தொடங்குகிறது. நான்காம் வகுப்பு படித்த மகளின் கணக்கு வகுப்பைப் போய்ப் பார்க்கிறார். போட்ட கணக்கு சரியா தப்பா என்று பிள்ளைகளுக்கு அப்போதே தெரியவில்லை, முடித்தவனும் முடிக்காதவனும் ஒரே வேகத்தில் போகவேண்டியிருக்கிறது. அவரை உறுத்தியது இந்த இரண்டும்தான். சில நாளிலேயே ஒரு மாதிரி தயார், அடுத்த வருஷம் அதைக் காட்டிப் பேசினார். உன் நோட்ஸில் உள்ள 1954 அதுதான்.

கூடலூர்_ஸ்பேனர்

செய்கிற முறைக்கு வருகிறேன் தங்கச்சி. பிரெஸ்ஸி மாடல் வேண்டாம், நான்கு விசைக்கும் பூட்டு வைப்பதற்குள் செமினார் முடிந்துவிடும். ஸ்கின்னர் மாடல் சுலபம், ஏனென்றால் அவர் விடையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை, எழுதச் சொன்னார். நாலு விடை கொடுத்தால் மூன்று தப்பை நாமே மண்டையில் ஏற்றிவிடுகிறோம் என்பது அவர் கட்சி. 1958-ல் அவர் எழுதியதில் வரும் மெஷினில் 12 அங்குல வட்டத் தட்டு, அதில் 30 சட்டகங்கள், சட்டகம் என்றால் ஒரு கேள்வி வரும் கட்டம். பிள்ளை காகிதப் பட்டையில் விடையை எழுதி நெம்புகோலைத் தூக்கும். எழுதியது கண்ணாடிக்கு அடியில் போய்விடும், சரியான விடை தெரியும். இனி அழித்து எழுத வழியில்லை. சரி என்றால் நெம்புகோலை இன்னொரு பக்கம் தள்ளவேண்டும், காகிதத்தில் ஓட்டை விழும், அந்தச் சட்டகம் மறுபடி வராது. தப்பியவை மட்டும் அடுத்த சுற்றில் திரும்ப வரும்.

உனக்கு ஒரு ஷூ பெட்டி, இரண்டு சைக்கிள் ஸ்போக், கடையில் கிடைக்கும் பில் ரோல் போதும். ரோலை ஸ்போக்குகளில் சுற்றி, பெட்டியில் வெட்டிய ஜன்னல் வழியாக நகரவிடு. ஜன்னலில் பாதிக்கு ஓ.ஹெச்.பி. ஷீட் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) ஒட்டு, அதுதான் கண்ணாடி. ஓட்டை போடுகிற பகுதியை விட்டுவிடு, வாயால் சொல்லிக்கொள்ளலாம்.

கொடைக்கானல்_சந்தேகம்

பெட்டியைச் சுற்றியே பேசுகிறீர்களே. ஸ்கின்னரே அந்தப் பெட்டி தானாக எதையும் கற்பிப்பதில்லை என்றுதான் சொல்லிவந்தார், விஷயம் உள்ளே போகிற கேள்வி வரிசை. 1957-ல் சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் பறந்ததும் அமெரிக்காவில் படிப்பு விஷயத்தில் பதற்றம், 1958-ல் சட்டம் போட்டுப் பணம் இறக்கினார்கள், கம்பெனிகள் ஆளுக்கொரு மெஷின் விற்றன. உள்ளே போட நல்ல கேள்வி வரிசைக்குத்தான் பஞ்சம். அதே வரிசையைப் புத்தகமாகவே அச்சடிக்கலாம் என்று தெரிந்தபின் இரும்புப் பெட்டி எதற்கு? நார்மன் கிரவுடர் இன்னொரு வழி பிடித்தார், தப்பு விடையைத் தேர்ந்தெடுத்தால் நீ ஏன் தப்பினாய் என்று விளக்கும் பக்கத்துக்கு அனுப்புவார். எனக்கு அவரைத்தான் பிடிக்கும். ஸ்கின்னருக்குத் தப்பே நடக்கக்கூடாது, அவ்வளவு சின்னச் சின்னப் படி, கொஞ்சம் விவரமான பிள்ளைக்குக் கொட்டாவி வந்துவிடும்.

ஆனால் வலுவூட்டல், அதாவது பலன் கிடைத்தால் அந்தச் செயல் பழக்கமாகும் என்பது, பொய் இல்லை. குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறு கடைகள் பக்கம் குரங்கைப் பாருங்கள். பத்து வண்டியில் ஒன்றுதான் பழம் போடுகிறது, அதனால்தான் பத்து வண்டியையும் விடாமல் துரத்துகிறது. எல்லா வண்டியும் போட்டு ஒரு நாள் சட்டென்று நிறுத்தினால் சீக்கிரம் விட்டுவிடும். எப்போதாவது கிடைப்பதுதான் பழக்கத்தை இறுக்கும். செமினாரில் இதைச் சொல்லுங்கள், நாலு பேருக்கு ஞாபகம் இருக்கும்.

குன்னூர்_வாத்தியார்

குரங்கு உதாரணம் அருமை, நான் 30 வருஷம் பாடம் எடுத்தும் தோன்றவில்லை. ஒன்று சேர்த்துக்கொள்ளம்மா. 2007-ல் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றலில் ஏணிப்படி, அட்டை என்று வைத்து அவரவர் வேகத்தில் போகச் சொன்னார்கள் இல்லையா, அது வேறு வேரிலிருந்து வந்தது, ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளி பக்கம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பாதே, பக்கத்தில் வைத்துக் காட்டு.

கோத்தகிரி_மழை

ரொம்ப நன்றி சார், அண்ணா, எல்லாருக்கும். பெட்டி நேற்று ராத்திரியே முடிந்துவிட்டது, கேள்வி எழுதத்தான் இன்று முழுக்கப் பிடித்தது. 'கொழுந்து' என்று பிழையில்லாமல் எழுத வைக்க ஆறு சட்டகம். முதலில் "தேயிலைச் செடியின் நுனியில் துளிர்ப்பது கொழுந்து, பார்த்து எழுது". அடுத்து "பழம், மழை, கொழுந்து மூன்றிலும் வரும் ழகரம்: கொ _ ந்து". இப்படியே போய்க் கடைசியில் "அம்மா தோட்டத்தில் பறிப்பது ______" என்று வெறும் கோடு. மூன்றாம் வகுப்பு படிக்கும் அண்ணன் மகனிடம் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு சட்டகம் ஒழுங்காகப் போட்டான், மூன்றாவதில் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து ரோலை அடியிலிருந்து உருவி ஆறு விடையையும் படித்துவிட்டான். ஸ்பேனர் அண்ணா, அடிப்பக்கத்தை மூட அட்டை தாங்குமா, இல்லை தகரம் வேண்டுமா?