108 வரும்வரை: அடிபட்டவர்களில் யாரை முதலில் கவனிப்பது?

சாலையோரக் கடைக்காரர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே திருச்சி நெடுஞ்சாலையோரம் சிற்றுண்டிக் கடை நடத்தி வருகிறேன். அண்மையில் இருசக்கர வாகனம் ஒன்று சாலைத் தடுப்பில் மோதி, இருவர் தூக்கி எறியப்பட்டனர். பின்னால் அமர்ந்து வந்தவர் முன்கை முறிந்து அலறியதால் கூட்டம் முழுவதும் அவரையே சூழ்ந்துகொண்டது. வண்டியை ஓட்டி வந்தவரோ தாமாகவே எழுந்து வந்து, கடை பெஞ்சில் அமர்ந்து தண்ணீர் மட்டும் கேட்டார். ஒருவர் சோடா வாங்கிக் கொடுத்தார். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் அவருடைய நாடியைப் பிடித்துப் பார்த்த உடனேயே அவரைத்தான் முதலில் ஏற்றினார்கள். காரணம் விளங்கவில்லை. இத்தகைய நேரத்தில் எங்களைப் போன்றவர்கள் எந்த வரிசையில் பார்க்க வேண்டும்? தலைக்கவசத்தைக் கழற்றலாமா?

அவசரப் பிரிவுச் செவிலியர் (மறுமொழி):

வணக்கம் ஐயா. அலறுகிறவருக்கு மூச்சுப்பாதை அடைபடவில்லை, மூளைக்கு இரத்தம் போய்க்கொண்டிருக்கிறது என்பதை அந்த அலறலே காட்டிவிடுகிறது. முகம் வெளிறி, உடல் சில்லென்று வியர்த்து, அமைதியாக அமர்ந்து தாகம் என்று சொல்பவரிடம்தான் உள்ளுக்குள் இரத்தம் கசிகிறதோ என்ற ஐயம் எழ வேண்டும். பெரியவர் ஒருவர் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் உண்டு. அதில் 30 விழுக்காடு அளவுக்குப் போகும்வரைகூட இரத்தக் குழாய்கள் சுருங்கியும் இதயம் வேகமாகத் துடித்தும் இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்துவிடக்கூடும் என்பதால், அதுவரை நடந்து பேசிக்கொண்டிருந்தவர் திடீரெனச் சரிந்துவிடுவார். வயிறு, மார்பு, இடுப்பெலும்பு, தொடை ஆகியவற்றுக்குள் வெளியே தெரியாமலேயே இரத்தம் தேங்கும். தொடையெலும்பு முறிவு ஒன்றிலேயே 1 முதல் 1.5 லிட்டர் வரை இழக்க நேரிடலாம். சோடாவோ தண்ணீரோ கொடுக்க வேண்டாம். நினைவு தப்பும்போது வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். உதட்டை நனைத்துவிடலாம்.

வரிசை என்று கேட்டால், முதலில் பின்னால் வரும் வண்டிகள் உங்கள்மீது ஏறாதபடி ஒருவரை நிறுத்துங்கள். அடுத்து, பீறிடும் இரத்தம். துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து, முழங்கையை மடக்காமல் உடல் எடையைக் கொடுத்து அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று அடிக்கடி எடுத்துப் பார்ப்பது பலருக்கும் உள்ள பழக்கம். உறையத் தொடங்கிய இரத்தமும் அதனால் பெயர்ந்து வந்துவிடும். கையுறை இல்லையென்றால் பார்சல் கட்டும் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளலாம். குத்தி நிற்கும் கம்பியையோ கண்ணாடியையோ பிடுங்காமல் அதன் இருபுறமும் அழுத்த வேண்டும். அதன்பிறகுதான் மூச்சு சீராக வருகிறதா, கூப்பிட்டால் விழிக்கிறாரா என்பவை. கிடப்பவரை அசைக்காமல் முதுகுக்கடியில் கையை நுழைத்து ஈரம் படுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். எலும்பு முறிவு கடைசியில் வருவது. வெயில் காலமாக இருந்தாலும் போர்த்தி விடுங்கள்; உடல் குளிர்ந்தால் இரத்தம் உறையும் திறன் குறைந்துவிடும்.

ஆம்புலன்ஸ் பணியாளர் (மறுமொழி):

தலைக்கவசத்தைப் பற்றிச் சொல்கிறேன். நன்றாக மூச்சு விட்டுப் பேசுகிறவர் என்றால் முகக் கண்ணாடியை மட்டும் உயர்த்திவிட்டு, தலை அசையாமல் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டிருங்கள். மூச்சு நின்றிருந்தாலோ, வாயில் இரத்தமும் வாந்தியும் நிறைந்திருந்தாலோ கழற்றித்தான் ஆக வேண்டும். அப்போதும் ஒருவர் தாடையையும் பிடரியையும் தாங்கிக்கொள்ள, மற்றொருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, கவசத்தின் பக்கங்களை விரித்தபடி மெல்ல உருவ வேண்டும். ஆளுக்கொரு கைகாலைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் திணிப்பதைத் தவிருங்கள். தீப்பற்றும் அபாயம் இருந்தால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம்.

இன்னொன்று: 108-ஐ அழைக்கும்போது கிலோமீட்டர் கல்லின் எண்ணோடு, சென்னை செல்லும் பக்கமா திருச்சி செல்லும் பக்கமா என்பதையும் சொல்லுங்கள். எதிர்ப்பக்கத்தில் வந்துவிட்டால், திரும்பும் இடத்தைத் தேடி நாங்கள் வெகுதூரம் போய்வர வேண்டியிருக்கிறது. தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணும் உண்டு.

சாலையோரக் கடைக்காரர்:

மிக்க நன்றி. இரண்டு ஐயங்கள். எங்கள் பகுதியில் காயத்தில் காப்பித்தூளை அப்புகிறார்கள். காலில் இரத்தம் நிற்காவிட்டால் கயிற்றால் கட்டுகிறார்கள். இவை சரியா? போலீஸ் விசாரணை வரும் என்று பலர் கிட்டவே வருவதில்லையே?

அவசரப் பிரிவுச் செவிலியர்:

விசாரணைக்கு அஞ்ச வேண்டாம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்துடன் உதவுகிறவர்மீது வழக்குத் தொடர இடமளிக்கவில்லை. பெயரைச் சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைப்பதால் பணத்தைப் பற்றியும் அங்கே நின்று யோசிக்க வேண்டியதில்லை.

காப்பித்தூள் இரத்தத்தை நிறுத்தாது. கிருமி சேரும், காயத்தைக் கழுவி எடுப்பதற்குள் எங்களுக்கும் போதும் போதுமென்றாகிவிடும். கயிறும் கம்பியும் சதையை அறுத்துவிடும். அரைகுறையாகக் கட்டினால் சிரை மட்டும் அடைபட்டு, தமனியில் இரத்தம் வந்துகொண்டே இருக்கும். கசிவு கூடத்தான் செய்யும். கை கால்களில் எவ்வளவு அழுத்தியும் நிற்காதபோது மட்டும், நான்கு விரல் அகலத்தில் மடித்த துணியைக் காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, மூட்டின்மீது படாமல் சுற்றி, உறுதியான குச்சியைச் செருகி இரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். வலி தாங்காமல் தளர்த்தச் சொல்லிக் கெஞ்சுவார், தளர்த்த வேண்டாம். கட்டிய நேரத்தை அவர் நெற்றியிலோ கையிலோ பேனாவால் எழுதி, வருகிற பணியாளரிடமும் சொல்லிவிடுங்கள்.