புதுப்பிப்பு: காசல்ரீல கயாக்ல போய் நீர்நாய் பார்த்தாச்சு

பிள்ளைங்கள கூட்டிட்டு இலங்கை மலையகத்துல இருக்கிற காசல்ரீ நீர்த்தேக்கத்துல கயாக் (சின்னத் துடுப்புப் படகு) போனா நீர்நாய் பார்க்கலாமா, எந்தப் பக்கம் போகணும்னு கேட்டிருந்தேன்ல, பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பார்த்துட்டோம்!

அணைப் பக்கம் போகாம கெஹெல்கமு ஓயா (ஆறு) வந்து விழுற மேல்முனைக்குப் போங்கன்னு ஒரு அண்ணன் சொன்னாரே, அதுதான் சரியா வந்துச்சு. விடியக்காலைல காத்து கிளம்புறதுக்கு முன்னமே போய், கரையோரமா துடுப்ப தூக்கி மடியில வச்சிட்டு சும்மா மிதந்தோம். முதல்ல நீர்க்காகம், வெண்மார்பு மீன்கொத்தி மட்டும்தான். அப்புறம் ஒரு பாறை மேல எச்சம் கிடந்துச்சு, கிட்ட போய் பார்த்தா நண்டு ஓட்டுத் துண்டும் மீன் செதிலுமா மின்னுது, நீர்நாய் எச்சம் அப்படித்தான் இருக்கும். கொஞ்ச நேரத்துல தட்டைத் தலை ஒன்னு தண்ணில கோடு போட்டுட்டே வந்து, எங்கள ஒரு பார்வை பார்த்துட்டு முங்கிடுச்சு, மகளுக்கு பேச்சே வரல.

எதிர்பார்க்காதது என்னன்னா, இந்தத் தண்ணி விமலசுரேந்திர மின்நிலையத்துக்குப் போறதால மட்டம் இறங்கியிருந்தா ஓயா முகத்துல முழங்கால் வரைக்கும் சேறு, அங்க இறங்காதீங்க. பிள்ளைங்க அளவு லைஃப் ஜாக்கெட் இருக்கான்னு முதல் நாளே போன் போட்டு கேட்டுக்கங்க.