ஏசி பெட்டிக்கு அடியில் அணில்பிள்ளை, சுத்தி நாலு வாண்டுகள்: என்ன செய்யலாம்?

மடிப்பாக்கம்_மாடி:
ரெண்டாவது மாடி ஏசியோட வெளிப்பெட்டியை சர்வீஸ் பண்ணும்போது பின்னாடி இருந்த அணில் கூடு கலைஞ்சுடுச்சு. தேங்காய் நார், மாப் நூல் எல்லாம் சிதறிக் கிடக்கு. ஒரு குட்டி பால்கனித் தரையில. விரல் நீளம்தான், கண் திறக்கல, முதுகுல மூணு கோடு மங்கலா தெரியுது. பிளாட் பிள்ளைங்க நாலு பேர் சுத்தி உக்காந்துட்டு நகரவே மாட்டேங்குது. ஒருத்தி கிண்ணத்துல பால் கொண்டு வந்துட்டா. குட்டியும் பிழைக்கணும், இதுங்க முகத்துல இருக்கற சந்தோஷமும் போகக் கூடாது. தெரிஞ்சவங்க உடனே சொல்லுங்க.

வேப்பமரத்தடி:
முதல்ல அந்தப் பாலை எடுத்து வைங்க. பசும்பால் அதுக்குச் செரிக்காது. வயித்தால போய் உடம்புல நீர் வத்திடும். இப்ப தேவை சூடு. கண் திறக்காத குட்டியால உடம்புச் சூட்டைத் தானா காப்பாத்திக்க முடியாது.

செருப்பு டப்பா ஒண்ணு எடுங்க, மூடி வேண்டாம். உள்ளே பழைய பனியன் துணி. டர்க்கி டவல் போட்டா நூல்ல நகம் மாட்டிக்கும். அரை லிட்டர் பாட்டில்ல வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி, துணி சுத்தி, டப்பாவோட ஒரு பக்கம் மட்டும் வைங்க. சூடு அதிகமானா குட்டி மறுபக்கம் நகர இடம் வேணும். தண்ணி ஆறினா மாத்துங்க. சிதறின நாரையும் போடுங்க, தாய்க்குத் தெரிஞ்ச வாசனை அது. கூடு இருந்த இடத்துக்குப் பக்கத்துலயே, நிழல்ல, ஜன்னல் கம்பியோட டப்பாவைக் கட்டுங்க. எறும்பு ஏறுதான்னு அடிக்கடி பாருங்க. சாக்பீஸ் மருந்து மட்டும் வேண்டாம், தாயும் அதை மிதிக்கும்.

மனுஷன் தொட்டா தாய் சேர்க்காதுன்னு சொல்றது உண்மையில்லை. வரும். ஆனா ஆள் நின்னா வராது. அதனால பிள்ளைங்களை உள்ளே கூட்டிப் போய் ஜன்னல் திரைக்குப் பின்னாடி உக்கார வைங்க. காக்கா, பூனை வந்தா விரட்டற வேலையையும் அவங்ககிட்டயே கொடுங்க.

என்ன நடக்கும்னு முன்னாடியே சொல்லி வைங்க: தாய் பாதி தூரம் வரும், வாலை வெட்டி வெட்டி ஆட்டும், கத்தும், திரும்பி ஓடும். மறுபடி வரும். கடைசியில குட்டியோட வயித்துப் பக்கம் வாயால கவ்வும். குட்டி அப்படியே சுருண்டு, தாயோட கழுத்தைச் சுத்தி மாலை மாதிரி ஒட்டிக்கும். சில நொடிதான். கண்ணைச் சிமிட்டினா போச்சு!

கிண்டி_காடு:
மேல சொன்னதெல்லாம் சரி. ஒண்ணு சேர்த்துக்கறேன். அணில் பகல் பிராணி, பொழுது சாஞ்சா வராது. இருட்டறதுக்குள்ள வரலைன்னா, இல்ல ரத்தம், ஈ முட்டை, பூனை கவ்வின காயம் இருந்தா காத்திருக்க வேண்டாம். சென்னை வேளச்சேரி சாலையில இருக்கற ப்ளூ கிராஸ் விலங்கு காப்பகத்துக்கு போன் பண்ணிட்டு டப்பாவோட கொண்டு போங்க. பூனைப் பல் பட்டது சின்னக் கீறலா இருந்தாலும் சீழ் பிடிக்கும், மருந்து வேணும்.

அதுவரைக்கும் வாயில எதையும் ஊத்தாதீங்க. ஜில்லுனு இருக்கற குட்டிக்குக் கொடுத்தா செரிக்காது. அவசரமா கொடுத்தா மூச்சுக்குழாய் வழியா நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரும். நிறைய குட்டிங்க சாகறது பசியால இல்ல, இதால.

தொட்ட பிள்ளைங்க சோப்பு போட்டு கை கழுவட்டும். கடிச்சிருந்தா ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவி டாக்டர்கிட்ட காட்டுங்க.

தென்னம்பிள்ளை:
வாண்டுகளுக்கு இதையும் சொல்லுங்க: தமிழ்ல அணிலோட குட்டிக்குப் பேரே பிள்ளைதான். கிளிப்பிள்ளை, கீரிப்பிள்ளை, தென்னம்பிள்ளைன்னு பெரிய குடும்பம்.

தாய் பிள்ளையைத் தூக்கிட்டுப் போனாலும் அணில் வரத்து நிக்காது. பால்கனியில அகலமான மண்சட்டி, ரெண்டு அங்குலம் தண்ணி, நடுவுல ஏறி நிக்க ஒரு கல். தினம் தண்ணியைக் கொட்டி, ஓரத்தைத் தேங்காய் நாரால தேய்க்கணும். டெங்கு கொசு முட்டை சட்டி ஓரத்துலதான் ஒட்டியிருக்கும். உப்பு போடாத வேர்க்கடலை நாலஞ்சு போதும்.

மடிப்பாக்கம்_மாடி:
டப்பா கட்டியாச்சு, பாட்டிலும் வச்சாச்சு. குட்டி இப்ப ஜில்லுனு இல்ல. கொய்யா மரத்துல இருந்து ஒண்ணு எட்டிப் பாத்துட்டு ரெண்டு தடவை திரும்பி ஓடிடுச்சு. நாலும் திரைக்குப் பின்னாடி ஒருத்தர் வாயை ஒருத்தர் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கு.