ரிவெட் பிரஷ் சட்டைப் பொத்தான் போல் தெரிகிறது, இரும்பாகக் காட்ட வழி உண்டா?

காகிதக்கப்பல், பெரம்பூர்

வணக்கம். சிறுவர் நாவல் ஒன்றுக்கு அட்டைப்படம் செய்துகொண்டிருக்கிறேன். பழைய நீராவி எஞ்சின் முழு அட்டையையும் அடைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பது பதிப்பாளரின் விருப்பம். ஐ.சி.எஃப். பக்கத்து ரயில் அருங்காட்சியகத்தில் வேண்டிய அளவு படம் எடுத்து வைத்திருக்கிறேன். மாதிரிக்குப் பஞ்சமில்லை, வரைவதில்தான் சிக்கல்.

போட்டோஷாப்பில் ஒரு ரிவெட் (இரும்புத் தகடுகளை இணைக்க அடிக்கும் ஆணி) தலையை ஒளி, நிழலோடு அழகாக வரைந்தேன். அதையே பிரஷ் ஆக்கி, அதாவது இழுக்க இழுக்கத் திரும்பத் திரும்பப் பதியும் அச்சாக்கி, ஸ்பேசிங் (பதிவுகளுக்கு இடையிலான தூரம்) 300 வைத்து பாய்லர் முழுவதும் வரிசை வரிசையாக இழுத்தேன். தனியாக இருந்தபோது இரும்பாகத் தெரிந்தது, வரிசையானதும் சட்டையில் தைத்த பொத்தான் ஆகிவிட்டது. ஒளிபட்ட பகுதியே காணாமல் போய் மங்கலான வட்டம்தான் மிஞ்சுகிறது. இணையத்தில் இறக்கிய ரிவெட் பிரஷ்களும் இதே லட்சணம்தான். பென் டேப்லெட் இருக்கிறது. அடுத்த வாரம் படத்தைக் கொடுக்க வேண்டும்.

மயிலைத் தூரிகை

உங்கள் கையில் குறையில்லை, பிரஷின் இயல்பே அதுதான். பிரஷ் முனை நிறத்தையோ ஒளியையோ நினைவில் வைத்துக்கொள்ளாது. கறுப்பாக இருந்த இடத்தில் முழு வண்ணம், வெள்ளையாக இருந்த இடத்தில் ஒன்றுமில்லை, சாம்பலில் அரைகுறை. நீங்கள் ஆசையாக வைத்த வெளிச்சப் புள்ளி பிரஷ் ஆனதும் வெறும் ஓட்டைதான். அதன் வழியே பின்னாலிருக்கும் கறுப்பு எட்டிப்பார்க்கிறது.

ஆகவே நிழலிட்ட பிரஷை விட்டுவிடுங்கள். சாதாரண வட்ட பிரஷ், விளிம்பு கூர்மையாக இருக்க ஹார்ட்னஸ் 100. புதிய லேயரில் வரிசையை இழுங்கள். கோடு வளைந்து போகும் இடங்களில் பென் டூலால் பாதை போட்டு ஸ்ட்ரோக் பாத் கொடுத்தால் பிரஷ் அந்தப் பாதையிலேயே ஓடும், கை நடுங்காது. பிறகு அந்த லேயரின் ஃபில் அளவை 0 ஆக்கி (வண்ணம் மட்டும் மறையும்), லேயர் ஸ்டைலில் பெவல் அண்ட் எம்பாஸ் என்னும் புடைப்பு விளைவைக் கொடுங்கள். உருண்டை வடிவம் அங்கிருந்து வரும். எல்லா லேயருக்கும் ஒரே திசையிலிருந்து ஒளி தரும் குளோபல் லைட்டைக் கட்டாயம் இயக்கிவையுங்கள். ரிவெட்டுக்கு இடப்பக்க வெயில், கைப்பிடிக்கு வலப்பக்க வெயில் என்று இருந்தால் எந்த பிரஷாலும் காப்பாற்ற முடியாது.

அதில் தானாக வரும் வெள்ளை ஹைலைட்தான் பிளாஸ்டிக் வாடைக்குக் காரணம். அதன் ஒப்பாசிட்டியை (அடர்த்தியை) 35, 40 சதவீதத்துக்கு இறக்கி, வெள்ளைக்குப் பதில் வெளிறிய நீலம் வையுங்கள். வெட்டவெளியில் நிற்கும் கறுப்பு எஞ்சின் வானத்தைத்தானே பிரதிபலிக்கும்?

சிந்தாதிரி

எதற்கு இவ்வளவு சுற்றிவளைப்பு? புதுப்பேட்டைக்குப் போங்கள். கழற்றிப் போட்ட வண்டிப் பாகங்கள் தெருவெல்லாம் கிடக்கின்றன. நாலு படம் எடுத்து பிரஷ் ஆக்கினால் வேலை முடிந்தது. கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள், அவ்வளவுதான்.

மயிலைத் தூரிகை

சிந்தாதிரி சொல்வது கீறலுக்கும் துருவுக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கும் பொருந்தும். மேடு பள்ளம் உள்ள எதற்கும் பொருந்தாது, காரணம் மேலே சொன்னதேதான். படத்திலிருந்து பிரஷ் செய்யும்போது லெவல்ஸில் (வெளிச்சம், இருட்டைச் சரிசெய்யும் இடம்) பின்னணியைச் சுத்த வெள்ளையாக்க மறக்க வேண்டாம். லேசான சாம்பல் தங்கிவிட்டாலும் ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு சதுரக் கறை விழும்.

அம்பத்தூர் ஃபிட்டர்

தம்பி, எனக்குக் கணினி ஓவியம் தெரியாது, என் மகன் காட்டித்தான் இதைப் படித்தேன். இரும்பு தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று: பாய்லர் முழுவதும் ரிவெட் எதற்கு? பெரும்பாலான நீராவி எஞ்சின்களில் பாய்லருக்கு மேல் வெப்பம் வெளியேறாமல் காப்புப் பொருள் சுற்றி, அதற்கும் மேல் மெல்லிய தகடு போர்த்தி, பட்டை போட்டு இறுக்கியிருப்பார்கள். பாய்லரின் ரிவெட் அந்தப் போர்வைக்குள் ஒளிந்துகிடக்கும். வெளியே தெரிவது முன்பக்கத்துப் புகைப்பெட்டியில், ஓட்டுநர் அறையில், பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரில். நீங்கள் எடுத்த படங்களையே பெரிதாக்கிப் பாருங்கள்.

இரண்டாவது, ரிவெட் அலங்காரம் இல்லை. இரண்டு தகடுகளைச் சேர்க்க அடிப்பது. ரிவெட் வரிசை ஓடினால் அதன் பக்கத்திலேயே தகட்டின் விளிம்பு ஓட வேண்டும். மேல் தகடு முடியும் இடத்தில் ஒரு சிறு படி, அந்தப் படியின் கீழே மெல்லிய நிழல். அந்த விளிம்பை வரையாமல் ரிவெட்டை மட்டும் வைத்தால் பொத்தானாகத் தெரியாமல் வேறு எப்படித் தெரியும்?

அடுத்து இடைவெளி. மகனிடம் கேட்டேன், ஸ்பேசிங் என்பது பிரஷ் விட்டத்தில் இத்தனை சதவீதம் என்றான். நாங்கள் ரிவெட்டுகளின் இடைவெளியை மையத்துக்கு மையம் அளப்போம், தண்டின் விட்டத்தைப்போல் சுமார் மூன்று மடங்கு. நீங்கள் 300 வைத்தது இந்தக் கணக்கை எங்கேயோ படித்துத்தான் என்று நினைக்கிறேன். ஆனால் உங்கள் பிரஷ் தண்டு இல்லை, தலை. 20 மில்லிமீட்டர் தண்டுக்கு உருண்டைத் தலை 32 மில்லிமீட்டர் வரும். இடைவெளி 60. அறுபதை முப்பத்திரண்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 190 சதவீதம். முந்நூறில் அடித்த டெண்டர் தண்ணீரை ஒழுகவிடும். இரட்டை வரிசை போட்டால் இரண்டாவது வரிசையைப் பாதி இடைவெளி தள்ளிவையுங்கள். அப்படி மாற்றி மாற்றி அடிப்பது வழக்கம்.

போல்ட் வரைந்தால் மட்டும் வேறு கதை. ஆறுமுகத் தலை இறுகிய இடத்தில் நின்றுவிடும், ஒன்று போல் இன்னொன்று திரும்பியிருக்காது.

மயிலைத் தூரிகை

ஐயா, கடைசி வரிக்குத் தனியாக நன்றி. அதற்குத்தான் ஒவ்வொரு பதிவையும் வெவ்வேறு கோணத்தில் திருப்பும் ஆங்கிள் ஜிட்டர் இருக்கிறது. வெளிச்சத்தை லேயர் ஸ்டைல் பார்த்துக்கொள்வதால் போல்ட் எப்படித் திரும்பினாலும் வெயில் ஒரே பக்கத்திலிருந்து விழும்.

காகிதக்கப்பல், பெரம்பூர்

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஐயா சொன்னபடி பாய்லர் நடுவில் பட்டைகள் மட்டும்தான் இருக்கின்றன. அங்கிருந்த ரிவெட் லேயரை அழித்துவிட்டேன். டெண்டரில் 190 வைத்து, விளிம்புக் கோடும் நிழலும் போட்டதில் தகடு தகடாகப் பிரிந்து தெரிகிறது. இன்னும் இரண்டு சந்தேகம். புகைப்பெட்டி உருளை, ஓரத்துக்குப் போகப்போக ரிவெட் எப்படி இருக்க வேண்டும்? துருவை எங்கே வைப்பது?

மயிலைத் தூரிகை

உருளையின் ஓரத்தில் ரிவெட்டுகள் நெருங்கும், வட்டம் ஒடுங்கி நீள்வட்டமாகும். பிரஷ் இதைத் தானாகச் செய்யாது. தட்டையான செவ்வகமாக வரிசைகளை வரைந்துவிட்டு, வார்ப் (Warp) வசதியால் உருளையாக வளைத்துக்கொள்ளுங்கள். பெவல் வளைத்த பிறகே கணக்கிடப்படும் என்பதால் ஒளி கெடாது.

துருவுக்கு மல்டிப்ளை லேயர் (கீழுள்ள நிறத்தோடு கலந்து அதை இருட்டாக்கும் லேயர்). தண்ணீர் தங்கும் இடங்களில் மட்டும்: தகட்டு விளிம்பின் மேல்பக்கம், ரிவெட் தலைக்குக் கீழே. ரிவெட்டடியில் தொடங்கி நேர்க் கீழாக ஒரு மெல்லிய கோடு, பேனா அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து மறையவிடுங்கள். தொடக்கம் அடர்பழுப்பு, வால் ஆரஞ்சு. எல்லா ரிவெட்டுக்கும் போட்டுவிடாதீர்கள், ஐந்தாறுக்கு ஒன்று போதும்.

அம்பத்தூர் ஃபிட்டர்

அருங்காட்சியக எஞ்சினுக்குத் திரும்பத் திரும்பப் பெயின்ட் அடித்திருப்பார்கள். ரிவெட்டும் தகடும் சேரும் மூலையில் பெயின்ட் தேங்கி, விளிம்பு மழுங்கியிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் வேண்டுமென்றால் அந்த மூலையில் பெயின்டுக்குப் பதில் கரியை வையுங்கள்.